கேஸ் கீழேதான் தேங்கும்: வீட்டு சிலிண்டரைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

'சிலிண்டர் வெடித்து வீடு இடிந்தது' என்று செய்தியில் படம் போடுவார்கள். அடுத்த முறை அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுவர் சரிந்திருக்கும், கதவு தெருவில் கிடக்கும், ஓடெல்லாம் பறந்திருக்கும், ஆனால் சிலிண்டர் பல நேரங்களில் முழுசாக ஒரு மூலையில் கிடக்கும். வெடித்தது ராத்திரி முழுக்கக் கசிந்து அறையில் தேங்கிய கேஸ். விடியற்காலையில் பால் காய்ச்ச எழுந்தவர் தூக்கக் கலக்கத்தில் வாடையைக் கவனிக்காமல் லைட் சுவிட்சைத் தட்டியிருப்பார், அவ்வளவுதான்.

நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி 14.2 கிலோ அடைத்திருக்கிறார்கள். அந்தத் திரவம் ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் அது புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் இறங்கி, பள்ளம் பார்த்து ஓடி, மூலையில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். இதற்குச் சொந்த வாடையும் கிடையாது. நாம் 'கேஸ் வாடை' என்று சொல்வது மெர்காப்டன் என்ற நாற்ற மருந்து, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலப்பது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். பத்துக்கு எட்டு அடியில் ஒரு சமையலறை என்றால் ஒரு கிலோ கேஸ் போதும், மொத்த அறையும் அந்த அளவைத் தொட்டுவிடும். ஒரு பர்னர் முழுத் தீயில் மணிக்கு நூறு, நூற்றைம்பது கிராம் எடுக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் பொங்கி அடுப்பு அணைந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், விடிவதற்குள் அந்த ஒரு கிலோ வந்து சேர்ந்துவிடும். தரையோரம் அது அடர்த்தியாக இருக்கும் என்பதால் உண்மையில் அவ்வளவுகூடத் தேவையில்லை.

சிலிண்டரை எங்கே வைப்பது

நேராக நிமிர்த்தி, சமமான தரையில், அடுப்பைவிடத் தாழ்வாக. மேடையில் அடுப்பு, கீழே சிலிண்டர் என்பது இடவசதிக்காக மட்டும் வந்த பழக்கம் கிடையாது, சிலிண்டர் பக்கம் கசிந்தாலும் கேஸ் தரையோடு போகும், தீ மேலே இருக்கும். தரையில் அடுப்பை வைத்து உட்கார்ந்து சமைத்தால் இந்த ஒரு பாதுகாப்பு போய்விடுகிறது. விறகடுப்பிலிருந்து கேஸுக்கு மாறிய பல வீடுகளில் இன்னும் இப்படித்தான் நடக்கிறது. நாலு செங்கல்லும் ஒரு கடப்பாக் கல்லும் போட்டு ஒரு திண்டு கட்டிவிட்டால் தீர்ந்தது.

மாடுலர் கிச்சன் வந்த பிறகு சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் மூடி வைப்பது நாகரிகமாகிவிட்டது. பார்க்க அழகுதான், ஆனால் அது கேஸ் தேங்குவதற்கென்றே செய்த பெட்டி. கட்டாயம் அப்படித்தான் வேண்டும் என்றால் கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி ஓட்டைகள் இருக்க வேண்டும். மேலே மட்டும் ஜாலி வைத்துவிட்டு 'காத்தோட்டம் இருக்கு சார்' என்று சொல்லும் தச்சரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் சமையலறை மூலையில் கழுவின தண்ணீர் போக ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். பூரான் வருகிறது, எலி வருகிறது என்று அதில் துணியைத் திணித்து அடைக்காதீர்கள், கம்பி வலை அடியுங்கள். கேஸ் வெளியேற அந்த வீட்டில் அதுதான் நல்ல வழி. உயரமான நிலைப்படி உள்ள அறையில் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரையில் கிடக்கும் கேஸ் படி ஏறிப் போகாது.

அப்புறம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் தானாக ஓடி தானாக நிற்கும், ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு சின்னப் பொறி தட்ட வாய்ப்பு உண்டு. முடிந்தால் அதைக் கூடத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் சிலிண்டரிலிருந்து தள்ளியாவது வையுங்கள். நம் வீடுகளில் இன்னொன்று பூஜை அலமாரி. பல வீடுகளில் சாமி இருப்பதே சமையலறையில்தான், விளக்கு விடிய விடிய எரியும். சாமியை இடம் மாற்றச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, ஆனால் விளக்கு உயரத்தில் இருக்கட்டும், படுக்கும் முன் மலையேறட்டும். கொசுவத்திச் சுருளைச் சமையலறைத் தரையில் வைக்கவே வேண்டாம்.

சிலிண்டர் வந்ததும்

கேஸ் போடுபவர் அவசரத்தில்தான் இருப்பார், இருந்தாலும் ரெண்டு நிமிஷம் நிறுத்திவையுங்கள். சீல் உடையாமல் இருக்க வேண்டும். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 15, 16 கிலோ வரும். அதோடு 14.2-ஐக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. சந்தேகமாக இருந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தராசு கொண்டுவர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அடுத்தது நிறையப் பேர் பார்க்காதது. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'சி 27' என்று இருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்த சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். கேஸ் கெட்டுப்போகும் தேதி என்று சிலர் நினைக்கிறார்கள், அது இரும்புக்கு உள்ள தேதி. தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தருவார்கள்.

அவர் கிளம்பும் முன்பே மூடியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வுக்குள் கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர் தெரியும், அது கிழியாமல் இருக்க வேண்டும். வால்வு வாயில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் குமிழி வரக்கூடாது.

அந்த மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூல் கட்டிய பிளாஸ்டிக் மூடி, எந்த வீட்டிலும் அதற்கு மரியாதையே இல்லை. தஞ்சாவூரில் அத்தை வீட்டில் ஒரு தடவை புது சிலிண்டரின் மூடியைத் திறந்ததும், குக்கர் விசில் மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று பீறிக்கொண்டு வந்தது, உள்ளே இருக்கும் ஊசி சரியாக மூடவில்லை போல. மாமா பதற்றத்தில் கட்டைவிரலை வைத்து அடைத்தார். அந்தக் கேஸ் பயங்கரக் குளிர்ச்சி, விரல் வெளுத்து மரத்துப்போனது. மூடி எங்கே என்று தேடினால் நூலோடு அறுத்து எடுத்துப்போய் பேரன் திண்ணையில் பம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறான். பிடுங்கிவந்து வால்வில் வைத்து ஒரே அழுத்து, 'டக்' என்று உட்கார்ந்தது, சத்தம் நின்றது. வால்வு பக்கம் கசிந்தால் வீட்டில் இருப்பவர் கையில் இருக்கும் ஒரே கருவி அந்த மூடிதான். நூலை அறுக்காமல் சிலிண்டரிலேயே தொங்க விடுங்கள்.

ரெகுலேட்டர் மாட்டுவது

முதலில் வீட்டில் எரிகிற எல்லாம் அணைய வேண்டும்: விளக்கு, ஊதுபத்தி, பக்கத்து அறையில் யாராவது பிடிக்கும் பீடி உட்பட. ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். அடுப்பு நாப் எல்லாம் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள்.

பழைய சிலிண்டரில் ரெகுலேட்டரின் நாபை ஆஃப் செய்துவிட்டு, அடியில் இருக்கும் கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்தபடி இழுத்தால் கழன்று வரும். முரண்டு பிடித்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள். காலியான சிலிண்டருக்கு உடனே மூடியைப் போடுங்கள், காலி என்று நாம் சொல்வதிலும் கொஞ்சம் கேஸ் இருக்கும்.

புதியதில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து, ரெகுலேட்டரை வால்வின் மேல் நேராக வைத்து, லேசாக இப்படி அப்படித் திருப்பி அழுத்தி, வளையத்தை விடுங்கள். 'கிளிக்' என்று கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பாமல் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. அப்புறம் ஆன் செய்து, அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரோ ஷாம்பு தண்ணீரோ நுரைக்க அடித்து, ரெகுலேட்டர் சேரும் இடம், ட்யூபின் இரண்டு முனை, நடுவில் வளையும் இடம் எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. நாற்பது வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவருடைய அதிர்ஷ்டம் அவருக்கு.

ட்யூப்

பச்சை நிற பிளாஸ்டிக் ட்யூப் இன்னும் வைத்திருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பிப் பின்னல் வைத்து ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் சுரக்ஷா ட்யூப்தான் வேண்டும், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் தேவையில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும், தேதி ட்யூபிலேயே அச்சாகியிருக்கும். இரண்டு துண்டை ஒட்டுப் போட்டு இணைப்பது, சுவரில் ஓட்டை போட்டு அடுத்த அறைக்கு இழுப்பது, எண்ணெய் படாமல் இருக்கத் துணி சுற்றுவது எதுவும் வேண்டாம். துணி சுற்றினால் உள்ளே விரிசல் விட்டது தெரியாமலே போகும்.

எலித் தொல்லை உள்ள வீடு என்றால் வாரம் ஒரு முறை ட்யூபை விரலால் தடவிப் பாருங்கள். அரிசி மூட்டை பக்கத்தில் சிலிண்டர் இருந்தால் எலிக்கு ட்யூப் பல் தேய்க்கும் இடம் மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஏஜென்சியிலிருந்து வர்றோம், செக்கிங்' என்று சொல்லிக்கொண்டு சட்டையில் ஏதோ ஒரு அட்டை மாட்டி வருவார்கள். ட்யூபை மடக்கிக் காட்டி 'வெடிச்சிரும்மா' என்று பயமுறுத்தி, ஆயிரக்கணக்கில் ஒரு 'சேஃப்டி கருவி'யைத் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். ரெகுலேட்டருக்கும் ட்யூபுக்கும் நடுவில் எதை நுழைத்தாலும் கசிய இன்னொரு இடம் சேருகிறது என்பதுதான் பொருள். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி ஏஜென்சிக்கு போன் போட்டுக் கேளுங்கள். உண்மையானவர் காத்திருப்பார்.

அன்றாடம்

லைட்டரை பர்னர் பக்கம் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் நாபைத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு லைட்டரைத் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. நாலு தட்டில் பிடிக்கவில்லை என்றால் நாபை மூடி, ஒரு நிமிஷம் காற்றோட விட்டுத் திரும்பப் பற்றவையுங்கள்.

பால், சாதம், பருப்பு இந்த மூன்றும் பொங்கி அடுப்பை அணைப்பவை. இவை அடுப்பில் இருக்கும்போது சீரியல் பார்க்கப் போகாதீர்கள். பொங்கி அணைந்ததைப் பார்த்தால் நாபை மூடி, ஜன்னலைத் திறந்து, மேடையைத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டுத்தான் மறுபடி.

முந்தானையால் பாத்திரம் இறக்குவதை விட முடியாது என்று தெரியும், எங்கள் அம்மாவும் விடவில்லை. பிடிதுணி ஒன்று அடுப்பு பக்கத்தில் ஆணியில் தொங்கினால் கை தானாக அங்கே போகும், அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தது. நைலான், பாலியஸ்டர் புடவையும் நைட்டியும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், சமையலுக்குப் பருத்திதான் நல்லது.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது, ஊசியால் குத்தி, சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

கேஸ் தீரப் போகிறது என்றால் சிலிண்டரைப் படுக்கவைப்பது, வெந்நீரில் நிற்க வைப்பது நம் ஊரின் பிரபலமான தொழில்நுட்பங்கள். படுக்கவைத்தால் வாயு வர வேண்டிய வழியில் திரவம் வரும், அடுப்பில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பலாம். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஈரத் துணியால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காலியான பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும்.

ராத்திரி கடைசி வேலையாக ரெகுலேட்டரை ஆஃப் செய்ய வேண்டும். அடுப்பு நாப் மட்டும் போதாது. என் வழி: அடுப்பு எரியும்போதே ரெகுலேட்டரை மூடுவேன், ட்யூபில் மிஞ்சியதும் எரிந்து தானாக அணையும், அப்புறம் நாபை மறக்காமல் மூடுவேன். ஊருக்குப் போவதானால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியும் போட்டுவிடுங்கள்.

வாடை வந்தால்

எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், ஏற்கெனவே எரியும் லைட்டை அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி தட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் கேஸ் போய்விடும் என்று தோன்றும். அந்தத் தோன்றல்தான் ஆபத்து. காலிங் பெல்லும் சுவிட்ச்தான், வெளியே இருப்பவரைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள், பெல் அடிக்க விடாதீர்கள்.

அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி என்று தீயாக எரிவதை எல்லாம் அணைத்துவிட்டு ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் அகலத் திறங்கள், முக்கியமாகத் தரைமட்டத்தில் திறக்கும் கொல்லைக் கதவை. ரெகுலேட்டரை மூடியும் சத்தம் கேட்டால் அதைக் கழற்றி வால்வில் மூடியைப் போட்டு அழுத்தி, முடிந்தால் சிலிண்டரை நிமிர்ந்தபடியே திறந்த வெளிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சாக்கடை, கிணறு பக்கம் வைக்காதீர்கள், கேஸ் அதற்குள் இறங்கும். குழந்தைகள், வயதானவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, கேஸ் எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை இறக்குங்கள். வெளியே தள்ளி வந்த பிறகுதான் செல்போன். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் 1906.

வாடை மிக அதிகமாக இருக்கிறது, உள்ளே போகவே மூச்சு முட்டுகிறது என்றால் வீரம் வேண்டாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். கொஞ்ச நேரத்தில் வாடை குறைந்த மாதிரி இருந்தாலும் நம்பாதீர்கள், மூக்குக்குப் பழகிவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்று வைப்பது நல்லது, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்ட வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு என்றால் கதை தலைகீழ், அது காற்றைவிட லேசு, கருவியைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

தீப்பிடித்தால்

ரெகுலேட்டர் வாயில் சின்னதாகத் தீ என்றால் கெட்டியான பருத்தித் துணியையோ சாக்கையோ நனைத்துப் போர்த்தி, அதே வேகத்தில் நாபை மூடலாம். மூட முடியாது என்று தெரிந்தால் தீயை மட்டும் அணைக்கப் பார்க்காதீர்கள். எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரிகிறது, தீயை அணைத்துவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் தெரியாமல் போய் அறை முழுக்கத் தேங்கி, மொத்தமாகப் பற்றும். வெளியேறி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் உள்ளே எத்தனை சிலிண்டர் இருக்கிறது என்று சொல்லுங்கள். சுற்றி எரியும் தீயில் நெடுநேரம் சூடாகும்போதுதான் சிலிண்டர் நிஜமாகவே வெடிக்கும்.

உடையில் தீ என்றால் ஓடக்கூடாது. படுத்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஜமக்காளத்தைப் போட்டு மூடலாம். புண்ணில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓட விடுங்கள், வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் தடவ வேண்டாம், மருத்துவர் அதையெல்லாம் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சின்ன சிலிண்டர், கேஸ் கீசர்

பேச்சிலர் அறைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதில் 'ரீஃபில்' செய்து தரும் வியாபாரம் உண்டு. எவ்வளவு நிரப்பினோம் என்று அளவே கிடையாது. சூட்டில் திரவம் விரியக் கொஞ்சம் காலி இடம் இருக்க வேண்டும், இதில் அது இருக்காது. 5 கிலோ சிலிண்டரை எண்ணெய் நிறுவனங்களே சட்டப்படி விற்கின்றன, முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். பயணத்துக்கு எடுத்துப்போகும் ஆசை வேறு. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டர் வைத்து டீ போடப் போய் ஒன்பது பேர் இறந்தார்கள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டாதீர்கள், குளிருக்கு மூடிய சின்ன அறையில் காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு எந்த வாடையும் இல்லை, தலைசுற்றல் வந்து கதவைத் திறப்பதற்குள் மயங்கிவிடுவார்கள். கீசர் வெளியே, தண்ணீர் மட்டும் உள்ளே.

காப்பீடு

நாம் தனியாகப் பிரீமியம் கட்டாமலே, பதிவான இணைப்புக்கு எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்து நடந்தால் போலீசுக்கும் ஏஜென்சிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஏஜென்சி ஆள் வந்து செய்யும் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். வீடு மாறினால் முகவரியையும் மாற்றிவிடுங்கள், வாடகை வீட்டுக்காரர்கள் கோட்டை விடுவது இதில்தான். அடுப்பு, ட்யூப் வாங்கிய பில்லை கேஸ் புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள், அந்தப் புத்தகம் சமையலறையில் இல்லாமல் பீரோவில் இருக்கட்டும்.